செய்தியின் நடுவில் மாறிய முகம்

பாலேஸ்வரிக்கு வயிற்றில் பிள்ளை ஏழு மாதம் ஆனபோது, தமிழ்ச் செய்திப் பிரிவின் பொறுப்பாளர் கனகசபாபதி அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். கொழும்பில் ஒரு தொலைக்காட்சி நிலையம் அது, ஆண்டு தொண்ணூற்றாறு. ஆறு வருடமாக மாலைச் செய்தியை அவள்தான் வாசித்து வந்தாள்.

"பிள்ளை, நாளையிலை இருந்து நீர் மொழிபெயர்ப்பைப் பாரும். வாசிக்கிறதுக்குத் தில்லைநாதன் வாறார்."

"ஏன் சேர்? மேசைக்கு மேலை என்ரை வயிறு தெரியாதே."

"அதுக்கில்லை. அந்த லைட் சூட்டிலை நீர் மயங்கி விழுந்தால்? சனம் முழுக்கப் பாக்குமெல்லே."

இத்தனை வருடத்தில் அவளுக்கு வந்த நேயர் கடிதங்களில் பாதி சேலையைப் பற்றியவை, மீதி பொட்டைப் பற்றியவை. சிவப்புச் சேலைக்கு மஞ்சள் கரை இருந்தது புலிக்கொடி நிறம் என்று புகார் வந்து, ஒருமுறை விளக்கக் கடிதம்கூட எழுதிக் கொடுத்திருக்கிறாள். அதையெல்லாம் சமாளித்தவளுக்கு இது மட்டும் பொறுக்கவில்லை. ஆனாலும் எழுந்து மொழிபெயர்ப்பு மேசைக்குப் போனாள்.

தில்லைநாதன் வெள்ளவத்தைக்காரர். இருபத்தாறு வயது, நல்ல குரல். முதல் நாளே மாமாவின் கோட்டைப் போட்டுக்கொண்டு வந்தார். பதற்றத்தில் மத்தியானம் சாப்பிடவும் இல்லை. ஒப்பனை செய்யும் மேபல் மூன்று தடவை பவுடர் போட்டாள். மூன்று தடவையும் வியர்வை அதை வழித்துக்கொண்டு போனது.

தலைப்புச் செய்திகளை நன்றாகவே வாசித்தார். களனி ஆற்று வெள்ளம் பற்றிய படம் ஓடத் தொடங்கியதும் மேசையில் தலையைச் சாய்த்தார். பிறகு கதிரையோடு சரிந்தார்.

படம் முடிய இன்னும் ஐம்பது வினாடி. "ஐயோ, ஆராவது உள்ளுக்குப் போங்கோ!" என்று கனகசபாபதி கத்தினார். கண்ணாடிக்குள்ளால் பார்த்துக்கொண்டிருந்த பாலேஸ்வரி அதற்குள் போய்விட்டிருந்தாள். தில்லைநாதனின் கால்களை மேபல் பிடித்து இழுக்க, அவள் கதிரையை நிமிர்த்தி உட்கார்ந்தாள். அவளே மொழிபெயர்த்த செய்திகள், பாதி மனப்பாடம். வயிற்றுக்குள் பிள்ளை உதைக்க உதைக்க, முகத்தில் ஒன்றும் காட்டாமல் வானிலை வரைக்கும் வாசித்து முடித்தாள்.

தொலைபேசி விடாமல் அடித்தது. வயிற்றைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

"அந்தத் தம்பியைப் பிடிச்சுக்கொண்டு போட்டாங்களோ?" என்றார் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒருவர். அடையாள அட்டை இல்லாமலா வாசிக்க வந்தவர் என்று இன்னொருவர் விசாரித்தார். ஒரு தமிழ் இளைஞன் பாதியில் காணாமல் போனால் போர் நடந்த அந்நாட்களில் பொலிஸ் பிடித்தது என்பதைத் தவிர வேறு காரணம் யாருக்கும் தோன்றாது. தில்லைநாதனுடைய தாய் அன்னபாக்கியம் நேரே பொலிஸுக்குப் போய், மகனைத் தராமல் நகரமாட்டேன் என்று அங்கிருந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்துவிட்டார். ஒன்றும் விளங்காத பொலிஸ்காரர் தொலைக்காட்சி நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தார். சோடா குடித்துக்கொண்டிருந்த தில்லைநாதன், "அம்மா, நான் மயங்கித்தான் விழுந்தனான்" என்று தன் வாயால் சொன்ன பிறகுதான் அந்த அம்மா எழும்பினாராம்.

கனகசபாபதி நெற்றியைத் துடைத்தபடி பாலேஸ்வரியிடம் வந்தார்.

"பிள்ளை, நாளைக்கு நீரே வாசியும்."

"ஓம் சேர். ஆனால் எழுதித் தாங்கோ. பிள்ளை பிறக்கும் வரைக்கும் நான்தான். லீவு முடிஞ்சு வந்தாலும் அதே கதிரை."

"நான் வாயாலை சொன்னால் போதாதோ?"

"போதாது சேர்."

அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பாலேஸ்வரி நின்றபடியே வாசித்தாள். இரண்டு எழுத்துப்பிழை. திருப்பி எழுதுவித்து வாங்கிக்கொண்டுதான் பஸ்ஸுக்கு இறங்கினாள்.