காய்ச்சல்: இல்லை

என் வீட்டுக்காரர் செங்கோடனுக்குச் சாம்பாரில் உப்பு ஒரு கல் கூடினாலும் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். ஆனால் கீமோ ஆரம்பித்த பிறகு, ஆஸ்பத்திரியிலிருந்து தினமும் காலையில் செல்போனுக்கு வரும் கேள்விகளுக்கு அவர் தரும் பதிலைப் பார்த்தால், அவரைப் போல ஆரோக்கியமான ஆள் திருச்செங்கோட்டிலேயே கிடையாது. வாந்தி? இல்லை. வாய்ப்புண்? இல்லை. களைப்பு? இல்லை. எல்லாவற்றையும் அமுக்கிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு கட்டிலுக்குப் போவார்.

முப்பது வருஷம் லாரி ஓட்டியவர். வழியில் ஓனர் போன் செய்தால், டயர் வெடித்து நின்றுகொண்டிருந்தாலும் "ஒண்ணுமில்லீங்க, வண்டி நல்லா ஓடுதுங்க" என்பார். உண்மையைச் சொன்னால் அடுத்த லோடுக்கு வேறு டிரைவரைப் போட்டுவிடுவார்களாம். வண்டியை விட்டாலும் அந்தப் பழக்கத்தை விடவில்லை.

மூன்றாவது கீமோ முடிந்த பத்தாம் நாள். சித்திரை வெயிலில் இரண்டு போர்வைக்குள் நடுங்கிக்கொண்டே, காய்ச்சல் உண்டா என்ற கேள்விக்கு "இல்லை" என்று அமுக்கப் போனார். போனைப் பிடுங்கினேன்.

"ஏனுங்க, இதென்ன ஓனர் போனுங்களா?"

"சொன்னா மருந்த நிறுத்திப்போடுவாங்க. உனக்கென்ன தெரியும்? குடு இங்க."

தெர்மாமீட்டர் நூற்றிரண்டு காட்டியது. அதையே போட்டு அனுப்பினேன். கால் மணி நேரத்தில் சேலம் ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் நான்சி போனில் கூப்பிட்டார்.

"கலைமணி அக்கா, உடனே சேலத்துக்குக் கூட்டிட்டு வாங்க. சாயங்காலம் பாத்துக்கலாம்னு இருந்துராதீங்க."

ரத்தத்தில் வெள்ளை அணு ரொம்பவும் குறைந்திருந்தது. நரம்பில் மருந்து ஏற்றி நான்கு நாள் வைத்திருந்தார்கள். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் ஆளைக் காப்பாற்றியிருக்க முடியாது என்றார் டாக்டர். அடுத்த கீமோவை நிறுத்தவில்லை, ஒரு வாரம் தள்ளி வைத்தார். "தள்ளிட்டாங்க பாத்தியா" என்று வீடு வரும்வரை இவர் என்னை முறைத்துக்கொண்டே வந்தார். முறைக்கத் தெம்பு வந்ததே என்று நான் சந்தோஷப்பட்டேன்.

மறுநாள் காலை கேள்விகள் வந்ததும் என்னைச் சமையலறைக்கு விரட்டிவிட்டு, ஒற்றை விரலால் அரை மணி நேரம் தட்டினார். நான் காபியோடு வந்தபோது தூங்கிப்போயிருந்தார். பதிலை அனுப்பாமலே விட்ட போன் நெஞ்சின்மேல் கிடந்தது. களைப்பு: அதிகம். வாய்ப்புண்: இருக்கிறது. வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டிருந்த இடத்தில் எழுதியிருந்தார்:

"பயமா இருக்குதுங்க. ஊட்டுல சொல்லிராதீங்க."

அனுப்பு என்பதை அமுக்கிவிட்டு, போனை எடுத்த இடத்திலேயே வைத்தேன்.