ஏழாம் நம்பரின் நீளம்

ஐந்தாம் நம்பர் கோல்ஃப் மட்டையின் தண்டை வைஸ் இடுக்கியில் இறுக்கி, ஹக்சோ வாளை அதன்மேல் வைத்த பிறகும் கேதீஸ்வரனுக்குக் கை ஓடவில்லை. அரிந்தால் அரிந்ததுதான்.

"அரியிறதெண்டால் அரியுங்கோ. இல்லாட்டி வந்து சாப்பிடுங்கோ," என்றாள் சிவகௌரி, குசினி வாசலில் நின்று. "அரை மணித்தியாலமா வாளைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறியள்."

அரிந்தான். ஓர் அங்குலத் துண்டு சீமெந்துத் தரையில் விழுந்து உருண்டது.

உடுப்பிட்டியில் கோல்ஃப் மட்டை வைத்திருந்த ஆள் அவன் ஒருவன்தான். கட்டாரில் பதினொரு வருசம் ஒரு கோல்ஃப் மைதானத்தில் வேலை செய்தவன். ஐந்து வருசம் புல்லு வெட்டினான். ஆறு வருசம் பணக்காரரின் பைகளைச் சுமந்தான், பயிற்சித் திடலில் பந்து பொறுக்கினான். வேலை முடிந்த பிறகு, ரப்பர் விரிப்பில் நின்று பந்தடிக்க அங்கிருந்த பயிற்றுநர் விட்டார். ஒருநாள் அந்தப் பயிற்றுநரையே வென்றான். மற்றவர்கள் கழித்துவிட்ட மட்டைகளும் முப்பது பந்தும்தான் அவன் அங்கிருந்து கொண்டுவந்த சொத்து. மகள் ஜெயனிக்கு அப்போது வயது பத்து. தகப்பனை அவள் நாலு லீவில் நாலு தரம் கண்டிருந்தாள். இனிப் போகமாட்டேன் என்று அவன் சொல்லி இரண்டு வருசம்.

போகாமல் இருக்க ஒரே ஒரு வழி கிடைத்திருந்தது. தெற்கில் ஒரு கடற்கரை ஹோட்டல்காரர் மைதானம் போட்டு, பந்தடிக்கப் பழக்க ஆள் தேடினார்கள். அடுத்த வாரத்துத் திங்கட்கிழமை காலை, இன்னும் எட்டு நாளில், கொழும்பில் தேர்வு. பதினெட்டுக் குழியிலும் பந்தை எண்பத்திரண்டு தரத்துக்குள் அடித்து இறக்கினால் வேலை. கட்டாரில் அவன் எழுபத்தாறுக்கு முடித்திருக்கிறான்.

அது பழைய கையோடு. போன வருசம் கொக்குவிலில் பூச்சு வேலையில் சாரப்பலகை முறிந்து விழுந்து, இடது முழங்கை உடைந்தது. எலும்பு பொருந்தியது. ஆனால் கை முழுதாக நீளவில்லை. அதற்குப் பிறகு மேசன்மார் கூப்பிடுவதை விட்டார்கள். பந்தும் அவன் சொன்ன இடத்துக்குப் போவதை விட்டது. நீட்டு மட்டையால் அடித்தால் வலது பக்கம் ஓடியது, கட்டை மட்டையால் அடித்தால் இடது பக்கம். ஏழாம் நம்பர் மட்டும் அந்த மடங்கிய கைக்கு அளவெடுத்துச் செய்ததுபோல் இருந்தது. அதில் பந்து நேராகப் போனது.

மட்டைக்கு மட்டை நீளம் வேறு. நீளத்துக்குத் தக்கபடி நிற்க வேண்டும், குனிய வேண்டும், வீச வேண்டும். அவனிடம் மிஞ்சியிருந்தது ஒரு வீச்சு. ஆகவே எல்லா மட்டையையும் ஏழாம் நம்பரின் நீளத்துக்குக் கொண்டுவருவதென்று முடிவெடுத்தான். கைத்தொலைபேசியில் யாரோ செய்துகாட்டியதைப் பார்த்தும் இருந்தான்.

யாழ்ப்பாண நகரில் கந்தோர் போட்டு வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் இராசநாயகம் கட்டாரில் ஓர் இடம் பிடித்து வைத்திருந்தார். அலுவலகக் கட்டடம் ஒன்றில் தரை துடைக்கும் வேலை. முழங்கைக்குப் பாரமில்லை. புதன் பின்னேரத்துக்குள் ஓமோ இல்லையோ சொல்ல வேண்டும் என்றிருந்தார். அன்று ஞாயிறு.

திங்கள் காலை மட்டைகளைச் சாக்கில் சுற்றிக்கொண்டு நெல்லியடிக்குப் போனான். அங்கே பிரகாஸ் இரும்பு ஒட்டுவேலைப் பட்டறை வைத்திருந்தான், கூடப் படித்தவன்.

"கிரிக்கெட் எண்டாலும் விளங்கும்," என்றான் பிரகாஸ். "நிக்கிற பந்தை அடிக்கிறதுக்கு ஏன்ரா உவ்வளவு பாடு?"

"நிக்கிற பந்துதான் மச்சான் கஷ்டம். பிழைச்சால் ஆரையும் பேசேலாது."

நீளம் குறைந்த மட்டையின் தலை கைக்குப் பாரம் தெரியாமல் போகும். அதற்கு ஈயம் வேண்டும். மீன்வலையில் கட்டும் ஈயக்குண்டை உருக்கித் தகடாக்கித் தலையின் பின்புறம் ஒட்டினார்கள். கட்டை மட்டைகளின் பிடிக்குள் அலுமினியக் கம்பி செருகி நீளமாக்கினார்கள். அவற்றின் தலை பாரம் கூடிப்போக, கிரைண்டரில் பிடித்துத் தேய்த்தார்கள். தராசில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, எல்லாம் ஒரே நிறைக்கு வர இருட்டிவிட்டது.

செவ்வாய் தோட்டத்தில் அடித்துப் பார்த்தான். வெங்காயம் கிண்டி முடிந்து நாலைந்து பேரின் தரை வெறுமையாகக் கிடந்தது. மாதக்கணக்கில் மழை இல்லை. காய்ந்த தரையில் மட்டை பட்டுத் துள்ளியது. துள்ளிய மட்டை பந்தின் தலையில் பட, பந்து நிலத்தோடு உருண்டது.

மட்டைத் தலையின் அடிப்பக்கம் உருண்டிருக்கும். மண்ணுக்குள் இறங்காமல் வழுக்கி எழும்பத்தான் அந்த உருட்டு. புல்லு வெட்டிய அவனுக்கு இது தெரியாததல்ல. ஆனால் ஒன்பது வயதிலிருந்து மண்வெட்டி பிடித்த கை அது. காய்ந்த தரையில் மண்வெட்டி துள்ளினால் வாயைத் தீட்டுவார்கள். வேறு யோசனை அந்தக் கைக்கு வராது. பின்னேரமே மட்டைகளோடு பட்டறைக்குப் போய், ஏழாம் நம்பரையும் சேர்த்து, அத்தனையின் அடிப்பக்கத்தையும் கிரைண்டரில் தேய்த்துக் கூராக்கினான்.

"கூடத் தேய்க்கிறாய்," என்றான் பிரகாஸ். "கழண்ட இரும்பை நான் பிறகு எங்கையிருந்து கொண்டுவாறது?"

"துள்ளுதடா."

"அங்கையும் உப்பிடித்தான் துள்ளுமோ?"

"அங்கை புல்லுக் கிடக்கு. புல்லுத் தாங்கும்." அப்படி நினைத்தான். வேறு மாதிரி நினைக்க அவனுக்கு நாள் இருக்கவில்லை.

புதன் காலை தூரத்தில் இரண்டு யூரியாச் சாக்கை விரித்து, நடுவில் விழுவதை எண்ணச் சொல்லி சிவகௌரியை நிறுத்தினான். இருபது பந்தில் பதினேழு நடுவில் விழுந்தது. ஐந்தாம் நம்பரும் ஒன்பதாம் நம்பரும் ஏழாம் நம்பரைப்போல வீச, சொன்னபடி கேட்டன. ஒரு பந்து பக்கத்துத் தோட்டத்துக்குள் போனது.

"உந்த வெள்ளை முட்டையை என்ரை மிளகாய்க் கண்டுக்கை இடாதையுங்கோ," என்று பூரணம் அக்கா வேலிக்கு அப்பால் நின்று கத்தினாள். "குஞ்சு பொரிச்சால் ஆர் தீன் போடுறது?"

அவன் சிரித்தான். சாரத்தால் விழுந்த பிறகு அவன் சிரித்ததை சிவகௌரி அதுவரை கண்டிருக்கவில்லை.

"பதினேழு. வடிவா எண்ணினனியோ?"

"பதினேழுதான். எனக்குப் பதினேழு வரைக்கும் எண்ணத் தெரியும்."

அங்கேயே நின்று இராசநாயகத்துக்குக் கைத்தொலைபேசியில் எடுத்தான். "அண்ணை, நான் வரேல்லை. ஆருக்கும் குடுங்கோ."

"யோசிச்சுத்தான் கதைக்கிறியோ தம்பி? உது மாதிரி இடம் திரும்ப வராது."

"ஓம் அண்ணை. யோசிச்சிட்டன்."

 அன்று மத்தியானம் சிவகௌரி முரல் மீன் வாங்கி, கூழில் போடாமல் பொரித்தாள். ஜெயனி இரண்டு துண்டு கூடக் கேட்டாள், கொடுத்தாள்.

வெள்ளிக்கிழமை வெங்காய நடுகைக்குத் தரையைப் பதப்படுத்த அவள் இறைப்பு மிசினைப் போட்டாள். தண்ணீர் வாய்க்கால் வழியே ஓடிப் பாத்திகளில் பரந்தது, வரம்பிலிருந்த அறுகம்புல்லும் நனைந்தது. கேதீஸ்வரன் மட்டையோடு காய்ந்த பக்கத்தில் நின்றான்.

"அங்கை தரை எப்பிடி இருக்கும்?" என்று கேட்டாள், மண்வெட்டியால் மடை மாற்றிக்கொண்டே.

"நல்ல பச்சையா இருக்கும். நாளும் தண்ணி விடுவாங்கள்."

சொல்லிவிட்டு அவன் நனைந்த பாத்தியைப் பார்த்தான். பிறகு நனைந்த வரம்பின் புல்லில் ஒரு பந்தை வைத்து வீசினான்.

மட்டை புல்லைக் கிழித்து மண்ணுக்குள் இறங்கி நின்றது. தோளில் ஒரு அடி விழுந்ததுபோல் இருந்தது. பந்து பத்து முழம் போய் வாய்க்காலுக்குள் விழுந்தது. வரம்பில் மண்வெட்டி கொத்தியதுபோல ஒரு பிளவு. வேறு மட்டை எடுத்தான். அதுவும் இறங்கியது. ஏழாம் நம்பரை எடுத்தான். அதுவும்தான்.

"வரம்பை உடைக்கிறியள்," என்றாள் சிவகௌரி. அவன் முகத்தைப் பார்த்த பிறகு மிசினை நிறுத்தினாள்.

அன்று பின்னேரம் வரைக்கும் அடித்தான். மட்டை மண்ணைத் தொடாமல் பந்தை மட்டும் எடுக்கப் பார்த்தான். கையைத் தூக்கினால் பந்து உருண்டது, இறக்கினால் மட்டை மண்ணுக்குள் புதைந்தது. இருபதில் மூன்று. கடைசியில் வெறுத்துப்போய்க் காய்ந்த தரைக்குத் திரும்பி அடித்தான். அங்கேயும் ஐந்துதான் நேராகப் போனது. மண்ணுக்குப் பயந்து பயந்து வீசியதில், இருந்த ஒரு வீச்சும் கையை விட்டுப் போயிருந்தது. முழங்கை வீங்கியிருந்தது.

சனி விடியப் பட்டறை திறக்கும் முன்பே வாசலில் நின்றான்.

"தேய்ச்ச இடத்திலை பித்தளை வைச்சு ஒட்டு மச்சான். திரும்ப உருட்டாக்குவம்."

பிரகாஸ் ஒன்பதாம் நம்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "இது வார்த்த இரும்பு. சூடு குடுத்தால் என்ன செய்யுமெண்டு தெரியாது."

"செய்."

சூட்டில் பசை உருகி, முதலில் தலை தண்டிலிருந்து கழன்றது. பித்தளை பிடித்தது. ஆறும்போது கழுத்தில் ஒரு சத்தம், அரிசிமணி வெடித்ததுபோல. மயிரளவு கீறல் சுற்றிவர ஓடியிருந்தது. பிரகாஸ் சுத்தியலால் மெல்லத் தட்டினான். தலை இரண்டாகியது.

"மிச்சத்தையும் செய்யட்டோ?"

கேதீஸ்வரன் மற்ற மட்டைகளைச் சாக்கில் சுற்றினான்.

"ஆரிட்டையும் இரவல் வாங்கேலாதோடா?"

"யாழ்ப்பாணத்திலையோ?" என்றான் கேதீஸ்வரன். "வாங்கினாலும் அது என்ரை கைக்கு வளையாது."

பிரகாஸ் காசு வாங்கவில்லை. "திங்கள் போய் அடிச்சுப் பார். அதிட்டம் எண்டு ஒண்டு கிடக்குத்தானே," என்றான். அதை நம்பிச் சொன்னவன்போல் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து, சைக்கிளை விட்டு இறங்காமலே இராசநாயகத்துக்கு எடுத்தான். சிவகௌரி படியில் இருந்து நடுகைக்கு வெங்காயம் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"அந்த இடம் முந்தநாளே போட்டுது," என்றார் இராசநாயகம். "உனக்காக எத்தினை நாள் வைச்சிருந்தனான். இப்ப கிடக்கிறது சீமெந்துக் களஞ்சியம். மூட்டை ஏத்துற வேலை. ரெண்டு வருசத்துக்கு லீவில்லை. செவ்வாய் இரவு பிளேன். திங்கள் பத்து மணிக்கு நீ பாஸ்போட்டோடை என்ரை கந்தோரிலை நிக்கோணும்."

"திங்கள் எனக்குக் கொழும்பிலை ஒரு அலுவல் அண்ணை. செவ்வாய் காலமை வரட்டோ?"

"நீ திங்கள் வராட்டி வேற ஆள் இருக்கு. கதைச்சுக்கொண்டு நிக்காதை. ஓமோ இல்லையோ?"

சிவகௌரி தலை நிமிர்ந்தாள். அவன் அவளைப் பார்த்தான்.  அவள் கையில் பிரித்த வெங்காயம் இருந்தது.

"ஓம் அண்ணை," என்றான். "திங்கள் வாறன்."

சைக்கிளை மதிலில் சாய்த்துவிட்டு அவளுக்குப் பக்கத்தில் இருந்தான். சாக்கில் சுற்றிய மட்டைகள் கரியரிலேயே கிடந்தன.

"ரெண்டு வருசமோ?" என்று கேட்டாள்.

"ஓம்."

"கொழும்புக்கு ஆர் சொல்லுறது, வரேல்லையெண்டு?"

"பேரைக் கூப்பிடுவாங்கள். ஆள் இல்லையெண்டால் அடுத்த பேரைக் கூப்பிடுவாங்கள்."

அவள் கொஞ்ச நேரம் வெங்காயத்தைப் பிரித்தாள். "நடுறதுக்குப் பூரணமக்காவையும் மற்றாக்களையும் செவ்வாய்தான் வரச் சொன்னனான்."

"நாளைக்கு வரச் சொல்லு," என்றான். "நானும் நிண்டு நடுவன்."