எந்த பாய் கடை

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. காலை நீட்டிக்கொள்ளுங்கள். குடிக்க ஏதாவது இருந்தால் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மனிதர் கடைசியாகக் கேட்ட ஒரு மடக்குத் தேத்தண்ணிக்காக அவர் மகள் எங்கெல்லாம் போனாள் என்று சொல்கிறேன். பெரிய கதை இல்லை. ஆனால் பாதியில் நிறுத்தமாட்டேன்.

மோனிக்கா பஞ்சை நனைத்து அப்பாவின் உதட்டில் வைத்தாள். வேதநாயகம் நாக்கு நுனியால் அதைத் தொட்டுப் பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"இது இல்ல," என்றார்.

"இதுவும் பாய் கடை தேத்தண்ணிதான்ப்பா. கீழ கேன்டீன்ல வாங்கல. விடியறதுக்கு முன்னாடி, நோன்புக்குக் கடை மூடறதுக்குள்ள ரோட்டைத் தாண்டிப் போயி வாங்கினேன்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஜார்ஜ் டவுன் ஆஸ்பத்திரிக் கட்டிலின் காலடியில் நின்றிருந்த தம்பி ரயன் குரலைத் தணித்துச் சொன்னான்.

"விடுக்கா. இன்னிக்கோ நாளைக்கோன்னு டாக்டரே சொல்லிட்டாரு. வாய நனைக்கிறதுதானே, எதுல நனைச்சா என்ன? ருசியா தெரியப் போவுது?"

"தெரியாமதான் மூஞ்சிய திருப்புனாரா?"

ரயன் போர்வையின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தான்.

வேதநாயகம் தாசேக் கெலுகோர் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணியாக, கணக்கெழுதுகிறவராக, இருந்தவர். மாதத்தின் முதல் சனிக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டு, பாக்கெட்டில் பேனா செருகி, பஸ் பிடித்து பட்டர்வொர்த் போவார். அங்கிருந்து ஃபெரியில் கடலைக் கடந்து ஜார்ஜ் டவுன். சாப்பிடுவதற்காக மட்டுமே போவார், தனியாகத்தான் போவார். காலையில் ஃபெரித் துறைக்கு எதிர்ச் சந்திலே சீனர் கடையில் கறுப்புக் காப்பி, காயா என்கிற தேங்காய்ப்பால் ஜாம் தடவிய ரொட்டி, பாதி வெந்த முட்டை இரண்டு. மத்தியானம் 'நாசி கண்டார்' என்கிற குழம்புச் சாப்பாடு, சோறு மிதக்கிற அளவுக்கு மூன்று குழம்பு மேலே மேலே ஊற்றச் சொல்லி. வெயில் தாழ்ந்ததும் பாய் கடைத் தேத்தண்ணி. அதோடு அடுத்த ஃபெரியில் வீடு.

அன்றைக்கு ராச்சாப்பாட்டில் எல்லாவற்றையும் சொல்லுவார். முட்டை கோப்பையில் எப்படி ஆடியது, மீன் முட்டைக் குழம்பில் இன்றைக்கு என்ன குறை, பாய் தேத்தண்ணியை எத்தனை உயரத்திலிருந்து ஆத்தினார், எல்லாம். பிள்ளைகள் அந்தப் பேச்சைத் தங்கள் சோற்றோடு பிசைந்து சாப்பிட்டார்கள். அவர்கள் அம்மா ரோசம்மா இருந்தவரை அவளும் அப்படித்தான். ஒருவரையும் அவர் கூட்டிப்போனதில்லை.

வீட்டில் அதற்குப் பெயர் 'பாய் கடை' என்பதுதான். ஜார்ஜ் டவுனில் தெருவுக்குத் தெரு பாய் கடை. எந்த பாய் என்று இத்தனை வருடத்தில் யாரும் கேட்டதில்லை. நாற்பத்தாறு வயதில், பத்து காவான் ஊர்த் தொழிற்சாலையில் அறுபது பேரைக் கட்டி மேய்க்கிற மோனிக்காவுக்கு, அது இப்போதுதான் உறைத்தது.

அவள் குனிந்து அப்பாவின் காதருகே கேட்டாள்.

"எந்த பாய்ப்பா?"

அவர் உதடு முதலில் சத்தமில்லாமல் அசைந்தது.

"மணிக்கூண்டு," என்றார். மூச்சு வாங்கினார். "முகம்மது."

மோனிக்கா கைப்பையை எடுத்தாள்.

"அக்கா, இன்னிக்கு வெள்ளிக்கிழமை. நோன்பு வேற ஆரம்பிச்சிருச்சு. எந்தக் கடையும் திறந்திருக்காதுலா," என்றான் ரயன். பிறகு, சொல்ல வந்ததைச் சொன்னான். "நீ போன நேரத்துல அப்பாவுக்கு ஏதாச்சும் ஆயிட்டா? நீ பக்கத்துல இல்லாம போயிடுவ."

அவளுக்கும் அதுதான் பயம். வாசல்வரை போனவள் ஒரு கணம் நின்றாள்.

"நீ இருக்கேல்ல. கையைப் புடிச்சுக்கோ. அக்கா வருது வருதுன்னு சொல்லிக்கிட்டே இரு."

அந்த வருடம் சீனப் புத்தாண்டும் நோன்பும் தவக்காலமும் ஒரே வாரத்தில் வந்து விழுந்திருந்தன. முந்தின நாள் அப்பா காப்பி கேட்டபோதும் அவள் ஓடியிருந்தாள். சீனர் கடைக் கதவில் சிவப்புக் காகிதம் ஒட்டியிருந்தது. திறக்க இன்னும் ஐந்து நாள். வெறுங்கையோடு வந்து அதை அப்பாவிடம் சொல்ல வேண்டியிருந்தது. இன்றைக்கும் போய் அதே மாதிரி நிற்க அவள் தயாராக இல்லை.

மணிக்கூண்டைச் சுற்றியிருந்த கடைகள் எல்லாம் இரும்புக் கதவை இறக்கியிருந்தன. நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கவிழ்ந்திருந்தன. ஆட்கள் எல்லாம் ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருப்பார்கள் என்று புரிந்துகொண்டு, அருகிலிருந்த பள்ளிவாசலுக்கு நடந்தாள். எதிர்ப்பக்க நிழலில் நின்று காத்திருந்தாள். கைத்தொலைபேசியை இறுகப் பிடித்திருந்தாள். ரயன் அழைக்கவில்லை. அழைக்காதவரை நல்லது.

தொழுகை முடிந்து வெளியே வந்தவர்களில் முதலில் கண்ணில் பட்டவரை நிறுத்தினாள்.

"அண்ணே, மணிக்கூண்டுப் பக்கம் தேத்தண்ணி கடை வச்சிருக்கிற முகம்மதுன்னு ஒருத்தர்..."

"நான்தான் முகம்மது. சட்டைக் கடை. இந்தா செருப்பு தேடுறாரே என் மச்சான், அவரும் முகம்மது. அந்தா வெள்ளைத் தொப்பி, அவரும்தான். எந்த முகம்மதும்மா வேணும் உனக்கு?"

செருப்பு தேடியவர் குனிந்தபடியே சிரித்தார். மோனிக்கா சிரிக்கவில்லை. தொலைபேசியில் அப்பாவின் கிறிஸ்துமஸ் படத்தை எடுத்து நீட்டினாள். "இவருக்குத் தேத்தண்ணி போட்டுக் குடுத்த முகம்மது."

தொலைபேசி கைமாறிக் கைமாறிப் போய், வெள்ளைத் தொப்பி போட்ட ஒல்லி மனிதரிடம் நின்றது. கண்ணாடி இல்லாததால் அவர் அதைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

"கிராணி ஐயா," என்றார். "மூணு மாசமா ஆளக் காணோம். போயிப் பாக்கலாம்னு நெனச்சேன். எந்த வீடுன்னு ஒரு நாளும் கேட்டு வைக்கல."

அவள் விஷயத்தைச் சொன்னாள். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.

கடைக்குள்ளே அவர் மனைவி நோர்மா, நோன்பு திறக்கிற நேரத்து வியாபாரத்துக்காக வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள்.

"பகல்ல அடுப்பு எதுக்குங்க? யாருக்கு?"

"கிராணி ஐயாவுக்கு. ஆஸ்பத்திரில இருக்காரு. கடைசின்னு சொல்றாங்க."

நோர்மா வெங்காயத்தை ஒதுக்கிவிட்டுத் தானே அடுப்பைப் பற்றவைத்தாள்.

முகம்மது தேயிலையைக் கொதிக்கவிட்டு, துணி வடிகட்டியில் ஊற்றி, பாலைக் கலந்தார். கரண்டியில் கொஞ்சம் எடுத்து மோனிக்காவிடம் நீட்டினார்.

"நான் நோன்பு. நீ ருசி பாரு தங்கச்சி. சரியா இருக்கான்னு சொல்லு."

"எனக்குத் தெரியாதுண்ணே." அவள் கரண்டியை வாங்கவில்லை. "நாங்க யாரும் இதக் குடிச்சதில்ல. அப்பா எங்கள ஒரு தடவ கூட கூட்டிட்டு வந்ததில்ல."

அவர் கரண்டியைக் கீழே வைத்தார்.

"யாரையும் கூட்டிட்டு வந்ததில்லம்மா. ஏன் ஐயா தனியாவே வரீங்கன்னு ஒரு நாள் கேட்டுட்டேன். அதுக்கு ஐயா, தோட்டத்துல நாள் பூரா யாராச்சும் எதிர்ல நிக்கிறாங்க பாய், லெட்டர் எழுதணும், ஃபாரம் நிரப்பணும்னு. வீட்டுக்குப் போனா வாசல்லயும் நாலு பேரு. இங்க ஒருத்தரும் என்னை ஒண்ணும் கேக்கறதில்லன்னாரு. அப்புறம் நானும் கேக்கல."

அப்பாவின் சனிக்கிழமைகளை, தங்களை வேண்டாமென்று விட்டுப் போன நாட்களாகவே மோனிக்கா சிறுவயதிலிருந்து நினைத்து வைத்திருந்தாள். அது இப்போது வேறு மாதிரி ஆனது.

"உன்னப் பத்தி ஒண்ணு சொல்லுவாரு," என்றார் முகம்மது.

"என்னண்ணே?"

"மக தேத்தண்ணி போட்டா கடல் தண்ணில பால ஊத்தின மாதிரி இருக்கும்னு."

"இத சொல்ற நேரமாங்க இது?" என்று நோர்மா கணவனை முறைத்தாள். ஆனால் மோனிக்கா சிரித்துவிட்டாள். மூன்று நாளில் முதல் தடவை.

"பிளாஸ்டிக் பையில கட்டிக் குடுங்கண்ணே. நான் ஓடிடுறேன்."

"பையில கட்டினா அது பையில கட்டின தேத்தண்ணி. ஐயா மறுபடியும் மூஞ்சியத் திருப்பிக்குவாரு. ஆத்தின நிமிஷத்துல குடிக்கணும்." அவர் ஃபிளாஸ்க்கில் ஊற்றி மூடினார். ஆத்துகிற இரண்டு குவளைகளையும் துணியில் சுற்றினார். "கெரேத்தா பின்னாடிதான் நிக்குது. வா."

கார் பாதி வழி போனபோது ரயன் அழைத்தான்.

"அக்கா, எங்க? மூச்சு மாறுது."

"சிக்னல்ல நிக்கிறோம். அப்பா காதுல சொல்லு, மணிக்கூண்டு முகம்மது வராருன்னு. சத்தமா சொல்லு."

வார்டில் நர்ஸ் நூருல் மிஸ்ஸி அவர்களை மறித்தாள். சூடான எதையும் உள்ளே கொண்டுபோகக் கூடாது என்று மலாயில் சொன்னாள். ஆற்றித்தான் கொடுப்போம், இரண்டே நிமிடம், நீங்களும் கூட நில்லுங்கள் என்று மோனிக்கா சொன்னாள். கெஞ்சவில்லை. வழியை விட்டு நகரவும் இல்லை. மிஸ்ஸி முகம்மதின் தொப்பியைப் பார்த்தாள். துணியில் சுற்றிய குவளைகளைப் பார்த்தாள். பிறகு கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டு, வெளியே பக்கத்திலேயே நின்றுகொண்டாள்.

வேதநாயகத்தின் மூச்சு விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. ரயன் அப்பாவின் இடது கையைப் பிடித்திருந்தான். மோனிக்கா வலது கையை எடுத்துக்கொண்டாள்.

முகம்மது குவளைகளைத் துணியிலிருந்து பிரித்தார். ஃபிளாஸ்க்கைத் திறந்தார். ஒரு குவளையில் ஊற்றி, கையை உயர்த்தி, மற்றதில் இறக்கினார். மருந்து வாடைக்கு நடுவே தேயிலை வாசம் எழுந்தது. தேத்தண்ணி விழுகிற சத்தத்துக்கு வேதநாயகத்தின் புருவம் அசைந்தது.

மோனிக்கா பஞ்சை நனைத்து வைத்தாள். நாக்கு வெளியே வந்து தொட்டது. பிறகு உதடுகள் குவிந்து பஞ்சை உறிஞ்சின. இன்னொரு தடவை நனைத்தாள். அதையும் உறிஞ்சினார். முகம் திரும்பவில்லை. கண் பாதி திறந்தது.

"சூடு," என்றார்.

"மன்னிச்சுக்குங்கய்யா. இந்தா, ஆத்திடறேன்," என்றார் முகம்மது, கடையில் நின்று சொல்வதைப் போலவே.

அவர் மறுபடியும் குவளையைத் தோளுக்கு மேலே தூக்கினார். அப்போது மோனிக்காவின் விரல்களைப் பற்றியிருந்த பிடி தளர்ந்தது. போர்வை ஒரு தடவை மேலெழுந்து இறங்கியது. அவள் அடுத்த மூச்சுக்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை. ரயன் வாயைத் திறந்தான். மோனிக்கா அவனைப் பார்த்து, வேண்டாம் என்று தலையை மெல்ல அசைத்தாள்.

முகம்மதின் கண் தேத்தண்ணிமேல் இருந்தது. ஆத்தும்போது வேறெங்கும் பார்க்கக் கூடாது. மோனிக்கா அவரைத் தடுக்கவில்லை. தேத்தண்ணி மேலே போனது, நீண்டு இறங்கியது, மறுபடி மேலே போனது. நுரை கட்டியது. வெள்ளைப் போர்வையில் ஒரு சொட்டு விழவில்லை.

பொறுமையாகக் கேட்டீர்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டில் தாகம் என்று ஒருவர் சொன்னால் எழுந்து போக இரண்டு கால் எப்போதும் இருக்கட்டும். உங்கள் மேசையைச் சுற்றி நாற்காலிகள் காலியாகாமல் நெடுநாள் நிறைந்திருக்கட்டும். பிள்ளைகுட்டிகளோடு நன்றாயிருங்கள்.