ஒரு சாண் உயரத்தில் தண்ணீர்

அந்த நாட்டுக்குள் நுழையும்போது, என்னென்ன பழக்கங்களைக் கொண்டுவந்திருக்கிறோம் என்று விமான நிலையத்தில் சொல்லிவிட வேண்டும். பெட்டியை அவர்கள் திறப்பதே இல்லை. என் பெட்டியில் இரண்டு கிலோ பருப்புப் பொடி இருந்தது. அதை ஒருவரும் சட்டை செய்யவில்லை.

அங்கே எல்லோரும் தமிழ் பேசினார்கள். திருநெல்வேலித் தமிழ். ரோமத் தொப்பி போட்ட ஆறடி உயர வெள்ளைக்காரர்கள் அப்படிப் பேசியது எனக்கு விசித்திரமாகப் படவில்லை. நான் மாயவரத்துக்காரன். சில சொற்களை மட்டும் இன்னொரு முறை கேட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

என் மனைவி தவமணி முதலில் போனாள்.

"சோத்தக் கையால பெசஞ்சு சாப்பிடுவேன். யாராவது தும்மினா நூறுன்னு சொல்லுவேன். செருப்ப வாசல்ல விட்டுட்டுத்தான் உள்ள போவேன். அவ்வளவுதான்."

அதிகாரி சந்தோஷமாக அவள் உள்ளங்கையில் முத்திரை குத்தினார். பிறகு என்னைப் பார்த்தார்.

"உலகநாதன் அண்ணாச்சி, நீங்க என்ன கொண்டாந்திருக்கிய?"

"ஒண்ணும் இல்ல."

"வாயத் தொறங்க."

திறந்தேன். டார்ச் அடித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"உள்ள ஒரு சொல்லு இருக்க மாதிரி தெரியுதே."

"கட்டின பல்லு," என்றேன்.

"சரி, போங்க."

நம்பிவிட்டார். அவர் நம்பியது எனக்குச் சங்கடமாக இருந்தது.

விமான நிலையத்திலிருந்து ஒரு நடைவழி, நாங்கள் தங்க வேண்டிய வீட்டின் சமையலறைக்கே போனது. அந்த நாட்டில் ஓட்டல் கிடையாது. வருகிறவர்களை வீடுகள் பங்கிட்டுக்கொள்ளும். நான் நடக்க நடக்க நடைவழி நீண்டது. தவமணிக்குச் சுருங்கியது. நான் போய்ச் சேர்ந்தபோது அவள் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முட்டைக்கோஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் பல வருஷம் இருந்தவளைப் போல உப்பு எங்கே என்று கேட்காமலேயே எடுத்தாள்.

வீட்டுக்காரியின் பெயர் வெர்னா. அவள் மகள் இல்மாவுக்கு மறுநாள் கல்யாணம். மாப்பிள்ளை பாவோ வாசலுக்கு வெளியே பனியில் நின்றுகொண்டிருந்தான். இடுப்புவரை பனி.

"அவர உள்ள கூப்பிடலாமே," என்றேன்.

"விருந்தாளி தண்ணி குடிச்ச பொறவுதான் அவன் வரணும். இங்க அதான் மொறை," என்றாள் வெர்னா.

ஒரு மரக்கோப்பை. வீட்டிலிருப்பவர்கள் ஆளுக்கு ஒரு வாய் குடித்துவிட்டு விருந்தாளியிடம் தருவார்கள். விருந்தாளி மிச்சத்தைக் குடித்து முடிக்க வேண்டும். அதே கோப்பையில்தான் மறுநாள் பெண்ணும் மாப்பிள்ளையும் குடிப்பார்கள். குடித்தால் கல்யாணம் ஆயிற்று. தாலி, மேளம் ஒன்றும் கிடையாது. இதற்காக அந்தக் குளிர்காலம் முழுக்க ஒரு வெளியூர்க்காரனை எதிர்பார்த்து அவர்கள் காத்திருந்தார்கள். வந்தது நான்.

வெர்னா ஒரு வாய் குடித்தாள். இல்மா ஒரு வாய் குடித்தாள். தவமணி ஒரு வாய் குடித்து, புறங்கையால் உதட்டைத் துடைத்துக்கொண்டு கோப்பையை என்னிடம் நீட்டினாள்.

விளிம்பு ஈரமாக இருந்தது. நான் எல்லோரையும் பார்த்து மரியாதையாகச் சிரித்தேன். கோப்பையை உயரத் தூக்கி அண்ணாந்தேன்.

இதற்கு முன் நான்கு நாடுகளுக்குப் போயிருக்கிறேன். எல்லா இடத்திலும் பாட்டில் தண்ணீர். பிரச்சினை வந்ததில்லை.

தண்ணீர் கோப்பையிலிருந்து இறங்கியது. என் உதட்டுக்கு மேல் ஒரு சாண் உயரத்தில் நின்றுவிட்டது. வாயைத் திறந்தபடியே காத்திருந்தேன். வரவில்லை. நகர்ந்துகொண்டேன். தண்ணீர் நகரவில்லை.

"தண்ணி நின்னுட்டே," என்றாள் வெர்னா.

"எங்க ஊர்ல விழும்," என்றேன்.

அவர்கள் என்னைக் கோபிக்கவில்லை. தண்ணீருக்கு அடியில் ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டார்கள். யாரும் அதில் மோதிக்கொள்ளக் கூடாது என்பதற்காக. கொஞ்ச நேரத்தில் நகராட்சியிலிருந்து ஒருவர் வந்தார். தண்ணீரைச் சுற்றி நான்கு கம்பு நட்டுக் கயிறு கட்டினார்.

"இந்த எடவெளி யாருது?"

"என்னுது," என்றேன்.

"பெருசுதான்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

இல்மா கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்று என்னைப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே பாவோவும் பார்த்தான். பனி இப்போது அவன் மார்புவரை வந்திருந்தது.

"ஏன் வாய வைக்கல?" என்று இல்மா கேட்டாள்.

"சுத்தம்."

"யாரு அழுக்கு?"

"யாரும் இல்லம்மா. பழக்கம்."

"பழக்கம் ஒண்ணும் இல்லன்னுல்லா சுங்கத்துல சொன்னிய."

எனக்கு முகம் சூடாகிவிட்டது. ஏதோ சொல்லிச் சமாளிக்க வாயைத் திறந்தேன். அப்போது அந்தச் சொல் வெளியே வந்து மேசைமேல் விழுந்தது. எச்சில். சின்னதாக, ஈரமாக இருந்தது. விழுந்த இடத்திலிருந்து கொஞ்சம் நகர்ந்தது.

அவர்களுடைய தமிழில் எல்லாச் சொற்களும் இருந்தன. இது மட்டும் இல்லை. எல்லோரும் குனிந்து பார்த்தார்கள்.

"இது என்ன செய்யும்?" என்று வெர்னா கேட்டாள்.

விளக்கினேன். நான் ஓய்வு பெற்ற ஆசிரியர். எதையும் நன்றாகவே விளக்குவேன். ஒருவர் வாய் பட்டதை இன்னொருவர் தொடக் கூடாது என்றேன். தட்டு, தம்ளர், கரண்டி என்று உதாரணம் சொன்னேன். வெர்னா கவனமாகக் கேட்டாள். தன் தட்டிலிருந்து உருளைக்கிழங்கு எடுத்துக்கொண்டிருந்த மகளிடம், "ஏட்டி, கைய எடு," என்றாள். இல்மா கையை எடுத்துக்கொண்டாள். அந்தக் கையை எங்கே வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"உங்கள ஒண்ணும் சொல்லல," என்றேன்.

"எங்களுக்குத் தெரியும் அண்ணாச்சி. நீங்க வெசனப்படாதிய."

மறுநாள் காலையில் வீட்டில் எல்லோரும் அண்ணாந்து குடித்தார்கள். விருந்தாளிக்குத் தனியாக இருப்பது போலத் தோன்றக் கூடாதாம். வெர்னாவுக்குத் தண்ணீர் மூக்கில் ஏறியது. இல்மாவின் கல்யாணச் சட்டை நனைந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது வேறு.

"கொஞ்சம் தலைய நல்லாச் சாச்சுக்கணும்," என்றேன்.

மதியத்துக்குள் ஊர் முழுக்கப் பரவிவிட்டது. தெருவில் போனவர்கள் எல்லோருக்கும் மார்பில் ஈரம். ஈரம் பனிக்கட்டியாகி, நடக்கும்போது நொறுங்கியது. ரேடியோவில் மந்திரி ஒருவர் அண்ணாந்து குடித்துக் காட்டினார். அவர் இருமியது நாடெங்கும் கேட்டது. இருமல் முடிந்ததும், நம் விருந்தாளி வெட்கப்படக் கூடாது என்று எல்லோரையும் கேட்டுக்கொண்டார்.

நான் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டேன்.

தவமணியும் எங்கள் வீட்டுக்கு வந்த புதிதில் இப்படித்தான் இருந்தாள். எங்களுடையது காதல் கல்யாணம். அவள் வீட்டில் வேறு பழக்கம். அண்ணாந்து குடிக்கத் தெரியாது. முதல் வருஷம் முழுக்க அவள் முந்தானை ஈரமாகவே இருந்தது. அம்மா எதிரில் நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். பழகிவிடும் என்று நான் சொன்னேன். பழகிவிட்டது. அவள் அப்பா எங்கள் வீட்டுக்கு ஒரே ஒரு முறை வந்தார். அப்புறம் வரவில்லை. பஸ் வசதி இல்லை என்று நினைத்துக்கொண்டேன். அவர் வீடு ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம்.

சொல் வளர்ந்துகொண்டிருந்தது. காலையில் எலி அளவு இருந்தது. மதியம் அதற்கென்று ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். ரொட்டிக் கடையில் கயிறு கட்டினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் தன் வேலியை ஒரு சாண் தள்ளிப் போட்டுக்கொண்டு, கடிகாரமாகிவிட்டார். யாரையும் தொடாமல் மணி மட்டும் சொல்வது சௌகரியமாக இருக்கிறது என்றார்.

கல்யாணத்துக்கு நேரமாகிவிட்டதால் முறையைக் கொஞ்சம் தளர்த்தினார்கள். பாவோ வாசற்படியில் நின்றபடி கோப்பையைத் தூக்கி அண்ணாந்தான். இல்மாவும் அண்ணாந்தாள். இரண்டு பேருடைய தண்ணீரும் நடுவில் நின்றுவிட்டது. கல்யாணம் செய்துவைப்பவர் அருகில் வந்து தட்டிப் பார்த்தார்.

"ஒட்டலியே," என்றார்.

"இன்னொரு தடவ?" என்றாள் வெர்னா.

"மொதல்ல அங்க நிக்கிற தண்ணி விழுந்தாத்தான் இது விழும்."

எல்லோரும் என்னைப் பார்க்காமல் இருக்க முயன்றார்கள். பார்த்திருந்தால் தேவலை. இல்மா அழவில்லை. நனைந்த சட்டையோடு வாசற்படிக்கு இந்தப் பக்கம் நின்றாள். அந்தப் பக்கம் பாவோ. பனி அவன் கழுத்துக்கு வந்திருந்தது.

தவமணி முட்டைக்கோஸைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, வாய வச்சுக் குடிச்சா என்ன போச்சு? ஒரு வாய். அந்தப் பொண்ணு மொகத்தப் பாருங்க."

"குடிக்கிறேன்," என்றேன்.

கோப்பையில் மறுபடி தண்ணீர் ஊற்றினார்கள். வெர்னா ஒரு வாய் குடித்தாள். இல்மா ஒரு வாய். கோப்பையை வாங்கி உதட்டருகில் கொண்டுபோனேன். போய்ச் சேரவில்லை. உதட்டுக்கும் விளிம்புக்கும் நடுவில் ஒரு நடைவழி இருந்தது. நடந்துதான் போக வேண்டும் போலிருந்தது. நடந்தேன்.

இரு புறமும் கதவுகள். எல்லாம் சாத்தியிருந்தன. ஒன்று மட்டும் திறந்திருந்தது. உள்ளே எங்கள் வீட்டுக் கொல்லை. கிணற்றடியில் அம்மா செம்போடு நின்றிருந்தாள். ஒருவர் அவளுக்கு முன்னால் குனிந்திருந்தார். வேட்டி வெள்ளையாக, புதிதாக இருந்தது. கொஞ்சம் தள்ளி ஓர் இளைஞன் நின்று பேப்பர் படித்துக்கொண்டிருந்தான். பேப்பரைத் தலைகீழாகப் பிடித்திருந்தான். நான் கதவைச் சாத்திவிட்டு வேகமாக நடந்தேன்.

விளிம்பு வந்தது. வாயை வைத்தேன். குடித்தேன். சாதாரணத் தண்ணீர்தான். கொஞ்சம் மர வாசனை அடித்தது.

பின்னால் சளக்கென்று சத்தம் கேட்டது. நின்ற தண்ணீர் எல்லாம் முக்காலிமேல் விழுந்துவிட்டது. கயிற்றை அவிழ்த்தார்கள். பாவோவைப் பனியிலிருந்து பிடுங்கி உள்ளே கொண்டுவந்தார்கள். வெர்னா அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. முடிந்துவிட்டது என்று நினைத்தேன். கோப்பையை அவளிடம் நீட்டினேன்.

அவள் வாங்கவில்லை. உள்ளே போய் ஒரு துணி எடுத்துவந்தாள். துணியால் கோப்பையின் அடியைப் பிடித்து வாங்கினாள்.

"வாய் வச்சுட்டியல்லா அண்ணாச்சி," என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். "இனி இது எச்சிதான."

சாம்பல் போட்டுத் தேய்த்தாள். தேய்த்த பிறகும் உள்ளே வைக்கவில்லை. வெளிச்சுவரில் ஓர் ஆணி அடித்து அதில் மாட்டிவிட்டு வந்தாள். பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் புதுக் கோப்பை வந்தது. இல்மா வாயை வைத்துக் குடித்தாள். அதே இடத்தில் பாவோ வாயை வைத்துக் குடித்தான். ஒட்டிக்கொண்டது. எல்லோரும் சிரித்தார்கள். கோப்பை மேசையைச் சுற்றி வந்தது. தவமணியும் ஒரு வாய் குடித்தாள்.

எனக்குப் புரியவில்லை. "அப்ப எச்சி?" என்று கேட்டேன்.

"யோசிச்சுப் பாத்தோம்," என்றாள் இல்மா. "எங்களுக்குள்ள அது இல்ல. வெளியாளுக்கு மட்டுந்தான். உங்க ஊர்லயும் அப்படித்தான?"

"ஆமா," என்றேன்.

"நல்ல பழக்கம்," என்றாள். மனதாரச் சொன்னாள். நாற்காலியில் உட்கார்ந்திருந்த சொல் எழுந்து எனக்குக் கதவைத் திறந்துவிட்டது.

அந்த நாட்டில் ஒருவரின் கோப்பை எங்கேயோ அவரும் அங்கேதான் இருக்க வேண்டும். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை. நானே போனேன். பாவோ நின்ற இடத்தில் ஓர் ஆள் அளவுக்குப் பனியில் குழி இருந்தது. அதில் இறங்கி நின்றேன். அளவு சரியாக இருந்தது. உள்ளே பாட்டுக் கேட்டது. எனக்குத் தாகமெடுத்தது. ஆணியில் கோப்பை சுவரோடு சேர்ந்து உறைந்துபோயிருந்தது. இழுத்துப் பார்த்தேன். வரவில்லை.

கதவைத் தட்டினேன். மெதுவாகத்தான் தட்டினேன்.

இல்மா ஒரு குடுவையோடு வந்தாள். அவளுக்குப் பின்னால் தவமணி வந்தாள். அடுப்புச் சூட்டில் அவள் முகம் சிவந்திருந்தது. வாசற்படிக்கு அந்தப் பக்கமே இரண்டு பேரும் நின்றார்கள்.

"கைய ஏந்துங்க அண்ணாச்சி," என்றாள் இல்மா. "மேல இருந்து ஊத்துதேன். பட்டுறாது."

கையை ஏந்தினேன். அவள் குடுவையை உயரத் தூக்கினாள்.

"இருங்க," என்றாள் தவமணி. "முழங்கை ரெண்டையும் சேத்து வச்சுக்கங்க. நல்லாக் குனிங்க. இல்லேன்னா கை வழியா ஓடி சட்டையெல்லாம் நனைஞ்சுடும்."

"உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன்.

"எங்கப்பா அப்படித்தான குடிச்சாரு," என்றாள். "உங்க வீட்டுக் கொல்லையில."

அவள் குரலில் கோபம் இல்லை. நனையாமல் குடிக்க வேண்டும் என்ற அக்கறை மட்டும் இருந்தது. நான் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. முழங்கைகளைச் சேர்த்துக்கொண்டேன். நன்றாகக் குனிந்தேன்.

இல்மா ஊற்றினாள். இந்த முறை தண்ணீர் நடுவில் நிற்கவில்லை.