நிறம் சொல்லாத டாக்டர்

எங்கள் பட்டறையில் அவருக்கு 'அப்புறம் சார்' என்று பெயர். வைத்தது நான்தான். பழைய கார்களுக்கு இருக்கை தைப்பது என் பிழைப்பு. இருபத்தாறு வருஷத்தில் எத்தனையோ பேரைப் பார்த்தாயிற்று. காலையில் ஒரு நிறமும் மாலையில் ஒரு நிறமும் சொல்கிறவர்கள் உண்டு. மச்சானைக் கேட்டுச் சொல்கிறேன் என்று போய், மச்சானோடு பேச்சுவார்த்தையே இல்லாமல் திரும்பி வந்தவரும் உண்டு. ஆனால் ஐந்து மாதமாக ஒரு நிறமும் சொல்லாமல், சனிக்கிழமை தவறாமல் வந்து, மாதிரித் துண்டுகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துவிட்டு, "அப்புறம் சொல்றேனே" என்று போனவர் இவர் ஒருவர்தான்.

ஆள் பல் டாக்டர். வண்டி அவர் மாமனாருடையது. மாமனார் போன பிறகு பத்து வருஷம் ஷெட்டில் கிடந்து, இருக்கைக்குள் எலி குடும்பம் நடத்தி, பேரப்பிள்ளை வரைக்கும் பார்த்துவிட்டது. டாக்டரின் மனைவிதான் அதை உயிர்ப்பிக்க வேண்டும் என்று நின்றார். இன்ஜின் ஓடியது, பாலேட்டு நிறத்தில் பெயின்ட் பளபளத்தது, மிச்சம் உள்ளே போடவேண்டிய இருக்கையும் கூரைத் துணியும்தான். அது முடிந்தால் முதல் பயணம் எங்கே என்பதுகூடத் தீர்மானமாகிவிட்டது. மனைவியின் தங்கை வீடு, நாற்பது கிலோமீட்டர். அவர் ஓட்ட, மனைவி பக்கத்தில்.

சிக்கல் அங்கேதான். தோலா துணியா, சிவப்பா பச்சையா என்பதில் அந்த மனுஷனுக்கு ஒரு குழப்பமும் கிடையாது. வண்டி முடிந்துவிடுமோ என்று பயம். முடிந்தால் ஸ்டியரிங்கைப் பிடித்தாக வேண்டும், அது அவரால் ஆகாது. இதைக் கண்டுபிடிக்க எனக்கு ஐந்து மாதமும் ஒரு முன்பல்லும் செலவாயின. உங்களை அவ்வளவு நாள் காக்க வைக்க எனக்கு மனமில்லை, அதனால் முதலிலேயே சொல்லிவிட்டேன்.

அந்த ஐந்து மாதமும் எனக்கு எரிச்சலான எரிச்சல். பட்டறையில் இரண்டு வண்டி நிற்கத்தான் இடம். அதில் ஒன்றை இது அடைத்துக்கொண்டு நின்றது. சட்டமும் ஸ்பிரிங்கும் பார்ப்பது என் கொழுந்தன். அவன் வேறு தினமும் காதில் ஓதுவான்.

"அண்ணி, பேசாம இதுக்கு ஒரு ரேஷன் கார்டு வாங்கிக் குடுத்துடலாம். நம்ம வீட்டு ஆளாவே ஆயிடுச்சு."

"வாயை மூடிட்டு ஸ்பிரிங்கைக் கட்டுடா."

நானும் என்னென்னவோ செய்து பார்த்தேன். அரக்குச் சிவப்புத் தோலை வெயிலில் விரித்துக் காட்டினேன். தேன் நிறம், சாம்பல், கடல்நீலம் எல்லாம் காட்டினேன். ரெக்சின் விலை குறைவு, துடைத்தால் போதும் என்றேன். கம்பளித் துணி மெத்தென்று இருக்கும், ஆனால் கறை பிடிக்கும் என்றேன். எல்லாவற்றையும் அவர் ஒரு நல்ல மாணவனைப் போலக் கேட்டுக்கொள்வார். வீட்டு வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்று எடுத்துப் போவார். அடுத்த வாரம் மடிப்புக் கலையாமல் கொண்டுவந்து வைப்பார்.

இந்த நேரத்தில்தான் எனக்குப் பல் உடைந்தது. நூலைப் பல்லால் கடித்து அறுப்பது என் பழக்கம். கத்தரிக்கோல் கை எட்டும் தூரத்தில்தான் இருக்கும், இருந்தாலும் கடிப்பேன். ஒரு நாள் நைலான் நூல் போகாமல் பல் போய்விட்டது. முன்பல்லில் ஒரு மூலை. கொழுந்தன் சிரித்த சிரிப்பில் எனக்கு வேறு டாக்டரைத் தேடப் பொறுமையில்லை. நேரே இவரிடமே போய் உட்கார்ந்தேன்.

அங்கே வேறு மனுஷனைப் பார்த்தேன். அசைவில் ஒரு தயக்கம் இல்லை. பல்லை அடைக்கிற பசைக்கு நிறம் பார்க்க, பல் வடிவத்தில் வரிசையாகக் கோத்த ஒரு பட்டியை எடுத்தார். பதினாறு வெள்ளை. என் கண்ணுக்கு எல்லாம் ஒரே வெள்ளைதான். விளக்கை அணைத்தார், ஜன்னல் பக்கம் என் முகத்தைத் திருப்பினார், ஒன்றை என் பல்லோடு சேர்த்துப் பிடித்தார், "இதுதான்" என்றார். மூச்சு விடுகிற நேரம்கூட ஆகவில்லை.

எனக்கு வந்ததே கோபம்.

"என் பல்லுக்கு ஒரு நிமிஷம். உங்க சீட்டுக்கு அஞ்சு மாசமா?" என்றேன்.

அவர் என் உதட்டுக்கு உள்ளே பஞ்சை வைத்தார், வாயை இன்னும் அகலமாகத் திறக்கச் சொன்னார், வேலையைத் தொடங்கினார். பிறகு என் பல்லைப் பார்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தார். வாயைத் திறந்து வைத்திருக்கிறவளிடம் எதையும் சொல்லலாம் அல்லவா, குறுக்கே பேச மாட்டாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால், மழையில், ஒரு திருப்பத்தில் அவர் ஓட்டிய வேறொரு வண்டி சறுக்கிச் சுவரில் மோதியிருக்கிறது. அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. பக்கத்தில் இருந்த மனைவிக்கு மணிக்கட்டு உடைந்தது. மற்றபடி யாருக்கும் ஒன்றுமில்லை. கை நன்றாகவே சேர்ந்துவிட்டது, மனைவியும் அதைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. ஆனால் இவர் அதன் பிறகு வண்டியைத் தொடவில்லை. கிளினிக் பக்கம்தானே, நடந்தால் உடம்புக்கு நல்லது, ஓட்டுகிற பழக்கமே விட்டுப்போயிற்று என்று மனைவியிடம் சொல்லி வைத்திருக்கிறார்.

"அவ அப்பா வண்டியைச் சரி பண்ணலாம்னு ஆசையா சொன்னப்ப வேண்டாம்னு சொல்ல வாய் வரலை. இப்ப நிறத்தைச் சொல்ல வாய் வரலை," என்றார். "அவகிட்ட சொல்லிடாதீங்க."

நான் "ஆங்" என்றேன். பஞ்சோடு வேறென்ன சொல்ல முடியும். வீடு வரும் வரை அவர்மேல் இருந்த கோபத்தைத் தேடினேன், கிடைக்கவில்லை. பாவமாக இருந்தது. இத்தனை நாள் அவரைக் கேலி செய்ததற்கு வெட்கமாகவும் இருந்தது.

இரண்டு நாள் கழித்து அவர் மனைவி தனியாகப் பட்டறைக்கு வந்தார். சின்ன உருவம், விறுவிறுவென்ற நடை. பேச்சும் அப்படித்தான்.

"அக்கா, அவர் பேச்சை விடுங்க. நீங்களே ஒரு நல்ல நிறமா பாத்து முடிச்சிடுங்க. என்ன போட்டாலும் எனக்குச் சம்மதம். தங்கச்சி தினமும் போன் பண்ணிக் கேலி பண்றா, வண்டி வருதா இல்ல போன்ல படம்தான் வருதான்னு."

நல்ல வாய்ப்பு. சரி என்று தலையாட்டிவிட்டு, சிவப்புத் தோலை வெட்டிப் போட்டிருந்தால் மூன்று வாரத்தில் என் இடம் காலி. கை வரவில்லை. முடிந்த வண்டியை அந்த மனுஷன் வாசலில் கொண்டுபோய் நிறுத்துவது எனக்குக் கொடுமையாகப் பட்டது. சொல்லவும் கூடாது, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

"நிறத்தை நான் முடிவு பண்ண மாட்டேன்," என்றேன். "ஆனா நிறம் இல்லாமலே அளவு எடுக்கலாம். சனிக்கிழமை ரெண்டு பேரும் வாங்க."

அது பொய்யில்லை. மேல்துணி போடுமுன், ஓட்டுகிறவரை வெறும் ஃபோம் மேல் உட்கார வைத்துப் பார்த்தாக வேண்டும். கால் மிதிக்கு எட்டுகிறதா, முதுகு எங்கே படுகிறது, பார்வை ஸ்டியரிங்குக்கு மேலே வருகிறதா என்று பார்த்துச் சாக்கட்டியால் குறித்துக்கொள்வேன். ஆனால் அன்றைக்கு நான் நினைத்தது ஃபோமை அல்ல, அவரை அங்கே உட்காரச் சொன்னால் உண்மை தானே வெளியே வரும் என்பதை. கொடுத்த வாக்கை வாயால் மீறவில்லை, அவ்வளவுதான். பெருமை பேச ஒன்றுமில்லை.

சனிக்கிழமை இரண்டு பேரும் வந்தார்கள். முன் இருக்கைகளை வண்டிக்குள் பொருத்தி, ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து வைத்திருந்தேன். டாக்டர் ஒரு நிமிஷம் அந்தக் கதவைப் பார்த்தார். பிறகு வண்டியைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனார், அந்தக் கதவைத் திறந்து, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார்.

"இது நல்லா இருக்கு. இப்படியே தைங்க," என்றார்.

"சார், நீங்க இந்தப் பக்கம்..." என்று கொழுந்தன் ஆரம்பித்தான். உள்ளே போய் ஆணி எடுத்து வரச் சொன்னேன். ஆணி என் கையிலேயே இருந்தது. அவன் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பேசாமல் உள்ளே போனான்.

மனைவி திறந்த கதவருகே நின்றார். "என்னங்க விளையாட்டு? இறங்கி வாங்க."

"என்னால முடியாதும்மா."

"என்ன முடியாது?"

"ஓட்ட முடியாது. பழக்கம் விட்டுப்போச்சுன்னு சொன்னது பொய். ஸ்டியரிங்கைத் தொட்டா உன் கை உடைஞ்ச சத்தம் கேக்குது."

"கை சேந்து மூணு வருஷம் ஆச்சு."

"உனக்குச் சேந்துடுச்சு. எனக்குச் சேரலை."

உள்ளே கொழுந்தன் ஆணி டப்பாவைக்கூட ஆட்டவில்லை. அந்தம்மா வண்டியின் கூரைமேல் கையை வைத்தபடி நின்றார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை, கோபப்பட்டார்.

"அஞ்சு மாசமா நிறம் நிறம்னு என்னை ஏமாத்தினீங்க. பயமா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கு என்ன? நான் என்ன பக்கத்து வீட்டுக்காரியா?"

அவர் முழங்கால்களைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய கிளினிக் நாற்காலியில் உட்காருகிறவர்கள் அப்படித்தான் உட்காருவார்கள்.

"உனக்காகத்தான்..."

"எனக்காக ஒண்ணும் வேண்டாம்."

அந்தம்மா வெளியே தெருவைப் பார்த்தார். பிறகு ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்கார்ந்தார், கதவைச் சாத்திக்கொண்டார். கால் மிதிக்கு எட்டவில்லை. ஸ்டியரிங்குக்கு மேலே நெற்றி மட்டும் தெரிந்தது.

"அக்கா, எனக்கு எவ்வளவு ஏத்தணும்?"

நான் சாக்கட்டியோடு போய்ப் பார்த்தேன். "ஒன்றரை அங்குலம். முன்னால தள்ளி வைக்கணும்."

"உனக்கு ஓட்டத் தெரியாதே," என்றார் டாக்டர்.

"தெரியாது. கத்துக்கிறேன்."

"இந்த வயசிலயா?"

"பின்ன அடுத்த ஜென்மத்திலயா? நீங்க பக்கத்துல உக்காருங்க. அதுகூட முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க."

டாக்டர் மனைவியையே பார்த்தார். "அது முடியும்," என்றார்.

பிறகு நடந்ததைத்தான் என்னால் இன்னும் நம்ப முடியவில்லை. டாக்டர் இறங்கி வந்தார், மாதிரிப் புத்தகத்தைக் கையில் எடுத்தார். "தோல் வேண்டாம். இவ குட்டை, எட்டி மிதிக்கும்போது தோல்ல சறுக்குவா. கம்பளித் துணி போடுங்க, பிடிச்சு நிறுத்தும். ஓரத்துக்கு மட்டும் தோல். முன்னால டேஷ்போர்டு மேல்பலகைக்கு வெளிர் நிறம் கூடாது, கண்ணாடில பிரதிபலிக்கும், புதுசா ஓட்டுறவங்களுக்குக் கண் கூசும். அதுக்கும் சீட்டுக்கும் அடர் பச்சை. மேலே கூரைக்கு மட்டும் பாலேட்டு நிறம், உள்ளே இருட்டா இருந்தா இவளுக்குப் பிடிக்காது." துண்டைப் பிடுங்கிக்கொண்டு வாசல் வெளிச்சத்துக்குப் போனார். "இதுதான்" என்று அங்கிருந்தே காட்டினார். ஐந்து மாதத்தில் ஒரு தடவையும் அவர் அந்தப் பச்சையைக் கவனித்துக்கூடப் பார்த்ததில்லை என்று நினைத்திருந்தேன்.

அவர் முதுகு காட்டி நின்ற அந்த நேரத்தில் அந்தம்மா கண்ணாடியை இறக்கி என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"அக்கா, அந்த ஒன்றரை அங்குலத்தைச் சீட்டோட சேத்துத் தைக்காதீங்க. எடுத்து மாட்டுற மாதிரி தனியா வைங்க. கீழே அவர் உயரத்துக்கே இருக்கட்டும்." குரலைத் தாழ்த்தினார். "அவர்கிட்ட சொல்ல வேண்டாம்."

தனி மெத்தை வைப்பது எனக்குப் பிடிக்காது. வேலை தெரியாதவன் செய்கிற ஒப்பேற்று வேலை அது. ஆனாலும் செய்தேன். கீழ் இருக்கையை அவர் அளவுக்கு முழுசாகத் தைத்தேன், யாருமே பார்க்கப்போகாத அந்த மேற்பரப்பிலும் ஓரத் தோலையும் மடிப்பையும் ஒரு குறை இல்லாமல் வைத்தேன். அதன்மேல் ஒன்றரை அங்குல மெத்தை, நாலு மூலையிலும் உள்மறைவாகக் கொக்கி. சேர்ந்த இடத்தை நானே தேடிப் பார்த்தால்தான் தெரியும்.

மூன்று வாரத்தில் வேலை முடிந்தது. வண்டி மேலும் இரண்டரை மாதம் பட்டறையிலேயே நின்றது, ஏனென்றால் அதை எடுத்துப்போக வேண்டியவர் ஓட்டக் கற்றுக்கொண்டிருந்தார். முதல் தேர்வில் தோற்றார், இரண்டாவதில் தேறினார்.

வண்டி எடுக்க வந்த அன்று அந்தம்மா கொழுந்தனிடம் சாவி வாங்க உள்ளே போனார். டாக்டர் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, குனிந்து, இருக்கையை விரலால் தடவினார். பல்லில் மயிரளவு விரிசலைத் தேடுகிற விரல் அது. ஓரத்தில் ஒரு இடத்தில் நின்றது. கொக்கியை விடுவித்தார், மெத்தையைத் தூக்கினார், கீழே தன் உயரத்துக்குத் தைத்திருந்த இருக்கையைப் பார்த்தார்.

மெத்தையை இருந்த இடத்திலேயே வைத்து, நாலு கொக்கியையும் ஒவ்வொன்றாக அழுத்தி மாட்டினார். மனைவி சாவியோடு வருவதைப் பார்த்ததும் நிமிர்ந்தார்.

"சீட் எப்படி இருக்குங்க?" என்று அந்தம்மா கேட்டார்.

"உனக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருக்கு," என்றார். மனைவிக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார், ஏறியதும் சாத்தினார், மறுபக்கம் போய் உட்கார்ந்தார்.