காளியண்ணனின் மீசையும் வெள்ளரிக்கொடியும்

கொல்லிமலையில் காளியண்ணனைப் போல வெள்ளரிக்கொடிக்குச் செல்லம் கொடுத்துக் கெடுத்தவர் வேறு யாரும் இல்லை. ஒரு இலை பழுத்து உதிர்ந்தால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது. கொடியும் செல்லப்பிள்ளை மாதிரியே நடந்துகொண்டது. பந்தல் முழுக்கப் படர்ந்தது, பூவாய்ப் பூத்தது, காய் மட்டும் கொடுக்கவில்லை.

ஒரு ஆடிப் பதினெட்டுக்கு விருந்துக்கு வந்திருந்த மைத்துனர் செல்லமுத்து பந்தலை அண்ணாந்து பார்த்தார்.

"நல்ல நெழலுங்க மாப்ள. அடுத்த கல்யாணத்த இங்கயே வெச்சுக்கலாம்."

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். காளியண்ணனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

"வார ஆடிப் பதினெட்டுக்கு இந்தப் பந்தல்ல காய் தொங்கலீன்னா என்ற மீசைய எடுத்துப்போடறேன், பாத்துக்குங்க மச்சான்!"

இதைக் கேட்டு அதிகம் பயந்தவள் அவர் மனைவி பாவாயிதான். பெண் பார்க்க வந்தபோது அந்த மீசையைப் பார்த்துத்தான் அவள் தலையாட்டினாள். மீசை இல்லாத காளியண்ணனை நினைத்துப் பார்க்கவே அவளுக்குப் பிடிக்கவில்லை.

மறுவருஷமும் வைகாசியில் விதை ஊன்றினார்கள். ஆனியில் கொடி பந்தலைப் பிடித்தது. பாவாயி மெல்லப் பேச்செடுத்தாள்.

"ஏனுங்க, நுனியக் கிள்ளி உட்டா பக்கத்துல கிளை வெடிக்குமுங்க. பிஞ்சு புடிக்கற பூவெல்லாம் அந்தக் கிளையிலதான் வருது. எங்கண்ணன் தோட்டத்துல அப்பிடித்தான் செய்யறாங்க."

"வளர்ற உசுரு தலையக் கிள்றதா? உங்க ஊட்டுப் புள்ளைங்களையும் அப்பிடித்தான் வளத்துவீங்களா?"

அதோடு பேச்சு முடிந்தது.

அது ஜெர்மன்காரன் சண்டை நடந்த காலம். மண்ணெண்ணெய் குதிரைக்கொம்பாக இருந்தது. சேந்தமங்கலம் சந்தைக்கு வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, காளியண்ணன் விடியும் முன்பே காரவள்ளிப் பாதையில் இறங்கினார். அவர் தலை மறைந்ததும் பாவாயி பந்தலுக்கு ஓடினாள். ஒவ்வொரு கொடியாகப் பிடித்து நகத்தால் நுனியைக் கிள்ளிக்கொண்டே போனாள். எல்லாம் முடிந்து திரும்பிப் பார்த்தபோதுதான் செய்த காரியம் உறைத்தது. கிள்ளியதைத் திரும்ப ஒட்டவா முடியும்?

சாயங்காலம் வந்தவர் நேரே பந்தலுக்குத்தான் போனார்.

"எந்தப் பாவி பண்ணுனது?"

"மாராயக்கா ஊட்டு ஆடு வந்துச்சுங்க" என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள் பாவாயி.

காளியண்ணன் தடியை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் பாய்ந்தார். மாராயி இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள்.

"தளதளன்னு இருக்கற எலைய உட்டுப்போட்டு நுனிய மட்டும் திங்கறதுக்கு என்ற ஆடு என்ன பத்தியமா இருக்குது?"

காளியண்ணன் ஓங்கிய தடியை ஊன்றிக்கொண்டு திரும்பி வந்தார்.

பாவாயி கேழ்வரகுக் களியை உருட்டி வட்டிலில் வைத்தாள். ஒரு வாய் போட்டவரின் முகம் கோணியது.

"களி ஏன் இப்பிடிக் கசக்குது?"

"அடி புடிச்சிருச்சுங்க."

"அடி புடிச்சா கருகல் வாசமல்ல வரும்? கைய நீட்டு."

சாம்பல் போட்டுத் தேய்த்தும் அவள் விரல் நுனியில் பச்சைக் கறை போகவில்லை. வெள்ளரிக்கொடியின் சாறு அப்படி. எத்தனை கழுவினாலும் கசப்பு கையிலேயே நிற்கும். பாவாயி அழுதுவிட்டாள்.

"மீசை போயிருச்சுன்னா நான் எதைப் பாத்துட்டு இருக்கறதுங்க?"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் இப்படி ஒரு வார்த்தை சொன்னதே இல்லை. காளியண்ணன் கசக்கிற களியை மிச்சம் வைக்காமல் தின்று முடித்தார்.

ஆனாலும் மனசு ஆறவில்லை. தினமும் மொட்டைக் கொடிகளின் அருகில் நின்று பெருமூச்சு விட்டார். ஒரு நாள் அந்தப் பெருமூச்சு பாதியில் நின்றது. கணுவுக்குக் கணு கிளை வெடித்திருந்தது. கிளையில் பூ, பூவுக்குப் பின்னால் நகமளவு பிஞ்சு.

"பாவாயீ!" என்று அவர் போட்ட சத்தத்தில் மாராயியின் ஆடு கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது.

ஆடிப் பதினெட்டு அன்று செல்லமுத்து சவரக்கத்தியை மடியில் கட்டிக்கொண்டு வந்தார். பந்தலுக்குள் நுழைந்ததும் ஒரு காய் அவர் தலையில் இடித்தது. நிமிர்ந்தால் எங்கு பார்த்தாலும் காய்.

"நுனி கிள்ளுனீங்களா மாப்ள?"

காளியண்ணன் மீசையை முறுக்கினார். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பாவாயி தலைநிமிராமல் காய் பறித்துக்கொண்டிருந்தாள்.

"நான் எங்க கிள்ளுனேன்? உங்க தங்கச்சிதான் கிள்ளுனா. வேண்டாம்னு சொன்னேன், கேக்கலை. கேட்டிருந்தா இந்நேரம் என்ற மீசை உங்க மடியில இருந்திருக்கும்."

பாவாயிக்குச் சந்தோஷமும் வெட்கமும் தாங்கவில்லை. முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். காளியண்ணன் ஒரு நல்ல காயாகப் பார்த்து எடுத்துப்போய், வீண்பழி சுமந்த ஆட்டுக்குக் கொடுத்துவிட்டு வந்தார்.

அடுத்த ஆனியில் கொடி பந்தலைப் பிடித்ததும் அவரே பாவாயியைக் கூட்டி வந்தார்.

"கிள்ளு சாமி. ஆனா நான் பாக்க மாட்டேன்" என்று முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

பாவாயி முதல் நுனியைக் கிள்ளினாள். டக்கென்ற சத்தம் கேட்டதும் காளியண்ணன் இரண்டு கையாலும் மீசையைப் பொத்திக்கொண்டார்.