மாத்திக்க வந்தவ

மாரிக்கனி ஐந்து துணிகளைத் துவைத்து, இஸ்திரி போட்டு, கட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு திருச்சுழிப் பக்கமிருந்து பஸ் ஏறினாள். பாளையம்பட்டிக் கல்யாண மண்டபத்தில் துணி மாற்று விழா என்று வாட்ஸ்அப்பில் வந்திருந்தது. எத்தனை துணி கொடுக்கிறோமோ அத்தனை டோக்கன். ஒரு டோக்கனுக்கு ஒரு துணி எடுத்துக்கொள்ளலாம். எட்டாவது படிக்கும் மகள் ரோஷினிக்குப் பள்ளி ஆண்டு விழா நடனத்துக்குப் பாவாடை தாவணி வேண்டும். அவள் சின்னதில் உடுத்திய பட்டுப் பாவாடை பீரோவில் சும்மாதான் கிடந்தது. இரண்டே தடவை போட்டது.

வாசல் மேசையில் விழாக் குழுச் செயலாளர் முனீஸ்வரன் உட்கார்ந்திருந்தார். பேரும் ஊரும் கேட்டு எழுதினார்.

“ஊருல எங்கிட்டு?”

“காலனித் தெருண்ணே.”

பேனா நின்றது. “அப்ப பின்னாடி போம்மா. இல்லாதவுகளுக்குன்னு தனியாக் குமிச்சு வச்சிருக்கோம். டோக்கன் வேணாம், சும்மாவே அள்ளிக்கிறலாம்.”

“சும்மா வாங்க வரலண்ணே. மாத்திக்க வந்தேன்.” பையை மேசையில் வைத்தாள்.

அவளுக்கு முன்னால் வந்தவர்களின் பையை அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை. இவளுடையதைக் கழுத்து, கைமடிப்பு என்று ஒவ்வொன்றாகப் புரட்டினார். மாரிக்கனிக்கு நூல் மில்லில் குறை பார்க்கிற வேலை. குறையுள்ளதை அவளே கொண்டு வருவாளா? பொறுத்துக்கொண்டாள். ஐந்து டோக்கன் கைக்கு வந்தது. அவள் துணிகளை உள்ளே கொடியில் மாட்டினார்கள்.

உள்ளே மாம்பழ நிறத்தில் ஒரு பாவாடை தாவணி கிடைத்தது. அதை எடுத்து நிமிர்ந்தபோது அவள் ஊர் தங்கலட்சுமி எதிரே நின்றிருந்தாள். மாரிக்கனியின் அம்மா களையெடுத்த மிளகாய்க் காடு அவர்களுடையது. தங்கலட்சுமி பேத்திக்காக ஒரு பட்டுப் பாவாடையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“சரிகை கொஞ்சங்கூட மங்கலயே!”

மாரிக்கனிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “அது எங்க ரோஷினியோடதும்மா. ரெண்டு தடவைதான் போட்டா.”

தங்கலட்சுமி கையை உதறினாள். பாவாடை தரையில் விழுந்தது. “ஒங்க வீட்டுதா?” என்று மட்டும் கேட்டுவிட்டு நேரே முனீஸ்வரனிடம் போய்க் காதோரம் ஏதோ சொன்னாள்.

முனீஸ்வரன் எழுந்து வந்தார். பாவாடையையும், மாரிக்கனி கொண்டுவந்த மற்ற நான்கையும் வாரிக்கொண்டு பின்பக்கம் போனார். மாரிக்கனி பின்னாலேயே போனாள். அங்கே ஜிப் இல்லாத பேண்ட்டும், கொக்கி போன ரவிக்கையும், பெயிண்ட் கறை படிந்த கைலியும் குவிந்து கிடந்தன. அதன்மேல் அவளுடைய ஐந்தையும் எறிந்தார்.

“எதுக்குண்ணே அங்க போட்டீக?”

“ஒங்க ஆளுகளுக்குத்தானம்மா போகுது. தானம்னு நெனச்சுக்க.”

“என் துணியத் தானம் பண்ண நீங்க யாரு?”

“அவுக வேணாம்னுட்டாக. நல்ல காரியம் நடக்குற எடத்துல பிரச்சினை பண்ணாத.”

மாரிக்கனி குவியலிலிருந்து ஒரு கிழிந்த உள்பாவாடையை உருவி உயர்த்திப் பிடித்தாள்.

“என் மக உடுத்துன பட்டு ஒங்களுக்குக் கொமட்டுது. நீங்க கிழிச்சுப் போட்டத மட்டும் நாங்க கும்பிட்டு வாங்கிக் கட்டணும். இத ஒங்க வீட்டுல ஆருண்ணே கட்டுவா? அடுப்புத் தொடைக்கக்கூட ஆகாது!”

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“மெதுவாப் பேசும்மா.”

“ஏன் மெதுவா? எந்தத் தெருக்காரக மாத்திக்கலாம், எந்தத் தெருக்காரக பொறுக்கிக்கணும்னு வாசல்ல எழுதிப் போடுங்க. அதப் போட்டோ எடுத்துக்கிட்டு நான் தாலுகா ஆபீசுக்குப் போறேன். இல்ல, எடுத்த எடத்துலயே மாட்டுங்க. நீங்களே மாட்டுங்க.”

முனீஸ்வரன் சுற்றிலும் பார்த்தார். அவருக்காகப் பேச ஒருவரும் வரவில்லை. பாவாடையைத் தூசி தட்டி, கொண்டுபோய் மாட்டினார். மற்ற நான்கையும் மாட்டினார்.

மாரிக்கனி அதன் பக்கத்திலேயே நின்றாள். ஊருக்குப் போகிற பஸ் போய்விட்டது. கால் கடுத்தது. வந்தவர்கள் பட்டைத் தொடுவார்கள், அவளைப் பார்ப்பார்கள், நகர்ந்துவிடுவார்கள். ஒரு மணி நேரம் கழித்து, காரியாபட்டியிலிருந்து மகளோடு வந்த ஒருத்தி கேட்டாள்.

“இது ஆரோடதுக்கா?”

மாரிக்கனி தன் பேரையும் ஊரையும் தெருவையும் மண்டபத்துக்கே கேட்கும்படி சொன்னாள். வந்தவள் பாவாடையை மகளின் இடுப்பில் வைத்துப் பார்த்தாள்.

“ரெண்டு இஞ்சு பிடிச்சாச் சரியா இருக்கும்” என்று எடுத்துக்கொண்டு போய் டோக்கனைக் கொடுத்தாள். முனீஸ்வரன் தலை நிமிராமல் வாங்கிப் போட்டார்.

மற்ற நான்கையும் யாரும் எடுக்கவில்லை. மாரிக்கனி அவற்றைப் பையில் வைத்து, நான்கு டோக்கனை மேசையில் வீசினாள். வாசலில் தங்கலட்சுமி நின்றாள்.

“இதுக்குப் போயி இம்புட்டுச் சத்தமா மாரி? ஒரே ஊருக்காரக நாம.”

“கைய ஒதறயில அது தெரியலயா?”

அடுத்த பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கோபம் தணியவில்லை. மடியில் பாவாடை தாவணி கிடந்தது. ரோஷினியிடம் எதைச் சொல்வது, எதை விடுவது என்று வெகுதூரம் யோசித்தாள். ஒன்றையும் விடாமல் சொல்லிவிடுவதென்று முடிவு செய்தாள்.